கடுகு சிஸ்டரின் தொண்டை

எங்கள் கிளினிக்கில் டாக்டர்கள் இரண்டு பேர். பெரிய டாக்டரம்மா ஒருவர், அவருடைய தங்கை மகன் சின்ன டாக்டர் ஒருவர். ஆனால் "கிளினிக்குக்குப் போனீங்களே, என்ன சொன்னாங்க?" என்று யாராவது கேட்டால், எங்கள் தெருவில் சொல்வது கடுகு சிஸ்டர் சொன்னதைத்தான். டாக்டர் சொன்னது நம் காதோடு நின்றுவிடும். சிஸ்டர் சொன்னது தெருக்கோடி வரை போகும்.

ஆள் குள்ளம். மருந்து அலமாரியின் மேல்தட்டை எட்டுவதற்கு முக்காலி போட்டுத்தான் ஏறுவாள். கடுகு சிறுத்தாலும் காரம் போகாது என்று யாரோ சொல்லப்போக, அதுவே அவளுக்குப் பெயராகிவிட்டது. முகத்துக்கு நேரே சிஸ்டர், முதுகுக்குப் பின்னால் கடுகு. அது அவளுக்கும் தெரியும். "முதுகுக்குக் காது இல்லைன்னு நெனச்சீங்களா?" என்பாள்.

எனக்குப் பக்கத்து வீட்டுக்காரி. நடுவில் ஒரு சுவர்தான். ஆகையால் அவளைப் பற்றி நான் சொல்வது சரியாகத்தான் இருக்கும். இல்லை என்பவர்கள் என்னிடம் நேரில் வந்து சொல்லட்டும். இதை எழுதிக்கொடுக்கிற பேத்தி, 'கத்தினாள்' என்று நான் சொன்ன இடத்தில் 'உரக்கப் பேசினாள்' என்று போடப் பார்த்தாள். நான் விடவில்லை. கத்தினாள் என்றால் கத்தினாள்தான்.

அந்தத் தொண்டைக்கு ஒரு காரணம் உண்டு. அவளுடைய அப்பா நூற்பாலையில் வேலை பார்த்தவர். இயந்திரச் சத்தத்தில் நின்று நின்று, நடுவயதிலேயே காது போய்விட்டது. அந்த வீட்டில் உப்பு வேண்டுமா என்று கேட்பதே சண்டை மாதிரி இருக்குமாம். அப்படி வளர்ந்தவளுக்கு மெதுவாகப் பேசத் தெரியவில்லை. நர்ஸ் படிப்பு முடித்துப் பெரிய ஆஸ்பத்திரியில் சேர்ந்தாள். அங்கே 'அமைதி காக்கவும்' என்று எழுதித் தொங்கவிட்டிருந்த பலகைக்கு அடியிலேயே நின்று கத்தினாளாம். கொஞ்ச நாள் பொறுத்துப் பார்த்துவிட்டுப் போகச் சொல்லிவிட்டார்கள். அப்போதுதான் பெரிய டாக்டரம்மா சொந்தமாகக் கிளினிக் திறந்திருந்தார். "வாய் எப்படியோ இருக்கட்டும், கை எப்படி?" என்று ஒரு ஊசி போடச் சொல்லிப் பார்த்தார். அன்றைக்கு உள்ளே வந்தவள்தான்.

கை பூப்போல. ஊசி போட்டதே தெரியாது. அந்த நேரத்தில் அவள் நம்மைத் திட்டிக்கொண்டிருப்பாள், நாம் பதில் தேடிக்கொண்டிருப்போம், அதற்குள் பஞ்சை வைத்துத் தேய்த்துவிடுவாள். அவள் வீட்டுக்காரர் அச்சகத்தில் வேலை பார்க்கிறார். அவர் பேசி யாரும் கேட்டதில்லை. இரண்டு பேருக்கும் சேர்த்து அவளே பேசிவிடுகிறாள், பாவம், அவருக்கு மிச்சம் எங்கே?

அவளிடம் ஒரு வழக்கம் இருந்தது. கட்டு மாற்ற வரவேண்டியவர், பிரஷர் பார்க்க வரவேண்டியவர், பரிசோதனைக்கு ரத்தம் கொடுக்க வரவேண்டியவர் யாராவது வராமல் போனால், அன்று சாயங்காலம் வீட்டுக்குப் போகிற வழியில் அவர்கள் வாசலில் நின்றுவிடுவாள். உள்ளே வரமாட்டாள், செருப்பைக் கழற்றமாட்டாள். கையை இடுப்பில் வைத்துக்கொண்டு, "யாரு வீட்டுல? உயிரோட இருக்கீங்களா?" என்று தொடங்குவாள். அப்புறம் என்ன வியாதி, எப்போது வரச் சொன்னது, வராவிட்டால் என்ன ஆகும், எல்லாம் வரிசையாக வரும். எதிர் வீட்டு மாடியில் துணி காயப்போடுகிறவள் கையில் துணியோடு அப்படியே நின்று கேட்பாள். அந்த வெட்கத்துக்குப் பயந்தே எங்கள் தெருவில் எல்லோரும் நாள் தவறாமல் கிளினிக்குக்குப் போனோம். சைக்கிள் கடைக்காரருக்குச் சர்க்கரை வியாதி. காலில் ஆறாத புண். "எமனுக்குக்கூட டிமிக்கி குடுத்துடலாம், கடுகுக்கு முடியாது" என்பார்.

இப்படிப் போய்க்கொண்டிருந்தபோதுதான் அந்தச் செய்தி வந்தது. கிளினிக்குகளில் நோயாளிகளை எப்படிக் கவனிக்கிறார்கள் என்று வந்து பார்த்து மதிப்புப் போடுகிற அரசாங்க ஆபீஸ் ஒன்று இருக்கிறது. அங்கே யாரோ புகார் செய்திருந்தார்கள். நர்ஸ் மரியாதையில்லாமல் கத்துகிறார், நோயாளியின் மானத்தை வாசலில் வைத்து வாங்குகிறார் என்று. ஒரு ஆபீசரம்மா வந்து பார்க்கப்போகிறாராம். புகார் உண்மை என்று தெரிந்தால் சிஸ்டரை வேலையை விட்டு அனுப்பச் சொன்னாலும் சொல்வார்களாம்.

பெரிய டாக்டரம்மா அவளைக் கூப்பிட்டு, "அவங்க வர்ற அன்னிக்கு மட்டும் கொஞ்சம் மெதுவாப் பேசு தாயி" என்றார்.

"நான் எப்பவும் மெதுவாத்தானே டாக்டர் பேசுறேன்?" என்று அவள் கேட்டது வெளியே தையல் கடை வரைக்கும் கேட்டது.

அந்தத் தையல் கடையில்தான் அன்று நாங்கள் கூடினோம். புகார் கொடுத்தது யார் என்று எனக்கு அப்போது தெரியாது. தெரிந்திருந்தால் நாலு கேட்டிருப்பேன். அவ்வளவு கோபம் எனக்கு.

"கோவப்பட்டு என்ன பாட்டி பண்றது? யோசிக்கணும்" என்றார் தையல்காரர். வாயில் ஊசியைக் கடித்துக்கொண்டு யோசிக்கிறவர் அவர். "ஒரு மெக்கானிக் நல்லவனா இல்லையான்னு எப்படிப் பாப்போம்? அவன் பாத்த வண்டி ஓடுதான்னுதானே? ஆபீசரம்மாவும் அதைத்தான் பாப்பாங்க. அன்னிக்கு நாம எல்லாரும் ஓடணும். சீக்குன்னு ஒருத்தர் வாயத் திறக்கக்கூடாது. இந்தக் கிளினிக்குக்கு வர்றவன் அத்தனை பேரும் கல்லு மாதிரி இருக்கான்னு அவங்களுக்குத் தெரியணும்."

சைக்கிள் கடைக்காரர் தொடையைத் தட்டினார். "மாப்ளே, உனக்குள்ள இவ்வளவு மூளையா!"

எனக்கும் அது சரியென்றுதான் பட்டது. இப்போது நினைத்தால் சிரிப்பு வருகிறது. அன்றைக்கு யாருக்கும் சிரிப்பு வரவில்லை.

ஆபீசரம்மா வரும் நாளில் காலையிலேயே கிளினிக் நிறைந்துவிட்டது. வழக்கமாக அந்த ஹாலில் இருமலும் முனகலும் டெட்டால் வாசனையுமாக இருக்கும். அன்றைக்குப் பவுடர் வாசனை. எல்லோரும் நல்ல துணி உடுத்தித் தலைவாரிக் கல்யாணப் பந்தியில் இடம் பிடித்தவர்கள் மாதிரி நிமிர்ந்து உட்கார்ந்திருந்தோம். நிஜமாகவே காய்ச்சலோடு வந்த கொத்தனாரைத் தையல்காரர் வாசலிலேயே மடக்கி, "அண்ணே, இன்னிக்கு மட்டும் மத்தியானமா வாங்க" என்று திருப்பி அனுப்பிவிட்டார்.

சிஸ்டர் வந்தாள். எங்களைப் பார்த்தாள். நெற்றி சுருங்கியது. ஆனால் அன்று அவள் மெதுவாகப் பேசவேண்டிய நாள். "வாங்க. உக்காருங்க. தயவுசெய்து வரிசையா..." என்றாள். பூனைக்குட்டிக் குரல். அவள் வாயிலிருந்து 'தயவுசெய்து' என்று ஒரு வார்த்தை வந்ததைக் கேட்டு எனக்கு உடம்பே கூசியது.

ஆபீசரம்மா கண்ணாடி போட்ட, களைத்த முகமுள்ள பெண். தனி நாற்காலி போட்டும் உட்காராமல் எங்கள் பெஞ்சியிலேயே வந்து உட்கார்ந்தார். முதலில் என் பக்கம்தான் திரும்பினார்.

"உங்களுக்கு என்னம்மா பண்ணுது?"

"எனக்கா? ஒண்ணும் பண்ணலையே."

"அப்ப எதுக்கு வந்திருக்கீங்க?"

"வீட்டுல சும்மாதானே இருக்கேன்னு வந்தேன்."

"மாத்திரை எதுவும் சாப்பிடுறதில்லையா?"

"மாத்திரையா? அதெல்லாம் சீக்காளிங்க சாப்பிடுறது" என்றேன். என் முந்தானை முடிச்சில் பிரஷர் மாத்திரை இருந்தது. கையால் மூடிக்கொண்டேன்.

"இங்க கவனிக்கிறதுல உங்களுக்குக் குறை ஏதாவது?"

"குறையா? மூச்."

அடுத்தது ஓய்வு பெற்ற தபால்காரர். நெடுங்கால இருமல்காரர். இருமலை அடக்கிக்கொண்டிருந்ததால் அவரால் வாயைத் திறக்க முடியவில்லை. கண்ணில் நீர் முட்ட, தலையை மட்டும் ஆட்டினார். ஆபீசரம்மா அந்தக் கண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தார். தபால்காரர் பொறுக்கமுடியாமல் எழுந்து, கொல்லைப்பக்கம் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் போய் இருமிவிட்டு வந்தார். தையல்காரர் மனைவிக்கு ஒன்றும் இல்லை. தையல்காரருக்கு ஒன்றும் இல்லை. ஸ்டேஷனரிக் கடை அத்தைக்கு ஒன்றும் இல்லை, "சின்ன வயசுல ஒரு தடவை தலைவலிச்சுது" என்று மட்டும் ஒத்துக்கொண்டாள். குறை ஒருவருக்கும் இல்லை.

ஆபீசரம்மாவின் முகம் போகப் போக இறுகியது. எழுந்து பெரிய டாக்டரம்மாவின் அறைக்குள் போனார். அந்த அறைக்குக் கதவு கிடையாது, திரைதான். உள்ளே பேசுவது ஹாலில் அப்படியே கேட்கும்.

"டாக்டர், வந்திருக்கிற யாருக்கும் வியாதி இல்லையாம். யாருக்கும் குறையும் இல்லையாம். நானும் எத்தனையோ கிளினிக் பாத்துட்டேன். எங்க போனாலும் ஒருத்தராவது ஃபேன் ஓடலைன்னாவது சொல்வாங்க. ஒருத்தர்கூட வாயத் திறக்கலைன்னா, யாரோ மிரட்டி வச்சிருக்காங்கன்னு அர்த்தம். ஒருத்தர் கண்ணுல தண்ணியே வந்துடுச்சு."

"இங்க யாரும் யாரையும் மிரட்டலைம்மா..."

"வந்த புகாரும் அதைத்தானே டாக்டர் சொல்லுது?"

கை கொடுக்கப் போன நாங்களே அவள் தலையில் கல்லைப் போட்டுவிட்டோம். தையல்காரர் தரையைப் பார்த்தார். சிஸ்டர் மருந்து அலமாரி அருகே நின்றிருந்தாள். அவளுக்கும் கேட்டது. முகம் வெளுத்துப் போயிற்று. ஆனாலும் குரலை அடக்கிக்கொண்டு, "அடுத்தது யாருங்க?" என்றாள்.

அடுத்தது சைக்கிள் கடைக்காரர். அப்போதுதான் உள்ளே வந்தார். பளபளவென்று ஷூ போட்டிருந்தார், சாக்ஸோடு. வாழ்நாள் முழுவதும் ரப்பர் செருப்பு போட்டவர். காலில் கட்டு இருப்பது தெரியக்கூடாதென்று மைத்துனரிடம் இரவல் வாங்கி, வீங்கின காலை உள்ளே திணித்துக்கொண்டு வந்திருக்கிறார். நொண்டாமல் நடக்க அவர் பட்ட பாட்டில் நெற்றியெல்லாம் வியர்வை. திரையை விலக்கிக்கொண்டு வெளியே வந்த ஆபீசரம்மாவைப் பார்த்து, "வணக்கம்மா, நான் நல்லா இருக்கேன்" என்றார், கேட்பதற்கு முன்னாலேயே.

சிஸ்டரின் கண் அந்த ஷூவில் நின்றது.

அவளுக்குத் தெரியும், ஆபீசரம்மா பார்த்துக்கொண்டிருக்கிறார் என்று. வாயைத் திறந்தால் வேலை போகும் என்பதும் தெரியும். உதட்டைக் கடித்துக்கொண்டு அவள் நின்றதை நான் பார்த்தேன். கொஞ்ச நேரம்தான் தாங்கியது.

"யோவ்! என்னத்த மாட்டிக்கிட்டு வந்திருக்க? கழட்டு!"

"ஒண்ணும் இல்லை சிஸ்டர், நான் நல்லாத்தான்..."

"கழட்டுன்னு சொன்னேன்! காத்துப் படணும், இறுக்கக்கூடாதுன்னு படிச்சுப் படிச்சுச் சொன்னேனே, உன் காதுக்கா சொன்னேன், அந்தச் செவுத்துக்கா சொன்னேன்? உக்காருய்யா!"

அவரைத் தோளைப் பிடித்து அழுத்தி உட்காரவைத்து, தானே தரையில் மண்டியிட்டு, ஷூவைக் கழற்றினாள். அது வரமறுத்தது. அவர் முகம் கோணியது. சாக்ஸ் நனைந்து கட்டோடு ஒட்டிக்கொண்டிருந்தது. சின்ன டாக்டரைக் கூப்பிட்டாள், கூப்பிட்டதில் ஜன்னல் கம்பி அதிர்ந்தது. மருந்துநீரை ஊற்றி ஊற்றி, நூல் நூலாக அந்தத் துணியைப் பிரித்தாள். வாய் அவரை வாங்கு வாங்கென்று வாங்கியது. விரல்கள் மட்டும் அவசரப்படவே இல்லை. சின்ன டாக்டர் குனிந்து பார்த்து, நல்லவேளை, மேல்தோல்தான் உரிந்திருக்கிறது, உள்ளே பரவவில்லை என்றார்.

"யாரு குடுத்த யோசனை இது?" என்றாள் சிஸ்டர்.

சைக்கிள் கடைக்காரர் தையல்காரரைப் பார்த்தார். தையல்காரர் கூரையைப் பார்த்தார்.

"சீக்கே இல்லாத மாதிரி காட்டலாம்னு... உங்க நல்லதுக்குத்தான் சிஸ்டர்" என்று இழுத்தார் தையல்காரர். கொத்தனாரைத் திருப்பி அனுப்பியதும் அப்போது வெளியே வந்தது.

"காச்சக்காரனத் திருப்பி அனுப்புனியா? நீ யாருய்யா அனுப்புறதுக்கு? போ, நீயே போய்க் கூட்டிட்டு வா! அவரு நடக்க முடியலைன்னா தூக்கிட்டு வா!"

தையல்காரர் செருப்பை மாற்றிப் போட்டுக்கொண்டு ஓடினார். அதற்கப்புறம்தான் அவளுக்கு ஆபீசரம்மா நிற்பது ஞாபகம் வந்தது. தரையிலிருந்து எழுந்தாள்.

"நான் இப்படித்தாம்மா. என்ன எழுதணுமோ எழுதிக்கங்க" என்றாள்.

ஆபீசரம்மா சைக்கிள் கடைக்காரரிடம் கேட்டார். "இவங்க இப்படிப் பேசுறது உங்களுக்கு எப்படி இருக்கு? மறைக்காம சொல்லுங்க."

அவர் எங்கள் எல்லோரையும் ஒரு சுற்றுப் பார்த்தார். "கஷ்டமாத்தாம்மா இருக்கு" என்றார்.

தபால்காரர் அவர் தோளைத் தொட்டுத் தடுக்கப் பார்த்தார்.

"தெருவுல நின்னு கத்தும் இந்தம்மா. என் மருமகன் வந்திருந்தப்பகூடக் கத்திச்சு. நாக்கைப் புடுங்கிக்கலாம் போல இருந்துச்சு. ஆனா பெரிய ஆஸ்பத்திரில இந்த விரலை எடுத்துடணும்னு சொன்னாங்க. இந்தம்மா என்னை விடலை. கட்டு மாத்த நான் வராத அன்னிக்கெல்லாம் அது வந்துடும். இப்ப விரல் இருக்கு பாருங்க. மானம்தான் கொஞ்சம் போச்சு."

அவ்வளவுதான், மடை உடைந்தது. ஸ்டேஷனரிக் கடை அத்தை, தன் மூலவியாதி தெருவுக்கே தெரியும் என்றாள், சொல்லும்போதுதான் ஹாலுக்கே இன்னொரு தடவை சொல்லிவிட்டோம் என்று முகத்தை மூடிக்கொண்டாள். தபால்காரர் வயிறு குலுங்க இருமிவிட்டு, சின்ன டாக்டர் ரயில் மாதிரி பேசுகிறார், ஒரு வார்த்தை புரிவதில்லை, அப்புறம் சிஸ்டரிடம் கேட்டுத்தான் மாத்திரை சாப்பிடுகிறேன் என்றார். பெஞ்சிக்கு ஒரு கால் குட்டை. திரைக்குப் பின்னால் பேசுவது எல்லோருக்கும் கேட்கிறது. நானும் முந்தானை முடிச்சை அவிழ்த்து மாத்திரையைக் காட்டினேன்.

"ஒண்ணும் இல்லைன்னீங்களே பாட்டி?"

"இப்பவும் ஒண்ணும் இல்லைதான். பிரஷர் மட்டும்" என்றேன். சொன்ன சொல்லை நான் அவ்வளவு சுலபத்தில் விடுகிறவள் இல்லை.

ஆபீசரம்மா முதல்முறையாகச் சிரித்தார். பிறகு சிஸ்டரை மட்டும் கொல்லைப்பக்கம் கூட்டிக்கொண்டு போனார். அங்கே பேசியது எங்களுக்குக் கேட்கவில்லை. பின்னால் சிஸ்டர்தான் என்னிடம் சொன்னாள்.

புகார் கொடுத்தது எங்கள் தெரு முனையில் இருக்கிற டீச்சர். டீச்சரிடம் கேட்டு, அவள் சரி என்ற பிறகுதான் இதைச் சொல்கிறேன். அந்தப் பெண் முழுகாமல் இருந்தாள். முன்னால் ஒன்று கலைந்துபோனதால், கொஞ்சம் நிலைக்கட்டும் என்று புருஷனைத் தவிர யாரிடமும் சொல்லவில்லை. மாமியாரிடம்கூடச் சொல்லவில்லை. ரத்தப் பரிசோதனைக்கு வராமல் போன அன்று சாயங்காலம் கடுகு அவள் வாசலில் நின்று, "வயித்துல புள்ளையை வச்சுக்கிட்டு வராம இருந்தா எப்படி?" என்று தொடங்கிவிட்டாள். மாமியார் உள்ளேயிருந்து வெளியே வந்தாள். எதிர்வீட்டுக்காரியும் வந்தாள். தன் வாயால் சொல்லவேண்டியதை அந்தப் பெண் அடுத்தவள் வாயால் கேட்டாள். அன்றிலிருந்து அவள் கிளினிக் பக்கமே வரவில்லை.

"அந்தப் பொண்ணுக்கு ரத்தம் கம்மிம்மா. வரலையேன்னு பதறிட்டேன்" என்றாளாம் சிஸ்டர்.

"பதறினது சரி. வாசல்ல நின்னது தப்பு" என்றாராம் ஆபீசரம்மா.

எனக்கு இருந்த கோபம் அதோடு போயிற்று. யாரோ பெற்ற பெண், எவ்வளவு கூசியிருப்பாள் என்று நினைத்துக்கொண்டேன்.

முடிவு வரும்வரை சுவருக்கு அந்தப் பக்கம் சத்தமே இல்லை. அவள் வீட்டுக்காரர் குரல் எப்படி இருக்கும் என்று அப்போதுதான் நான் முதல்முறையாகக் கேட்டேன். நல்ல குரல். "எல்லாம் சரியாயிடும், சாப்பிடு" என்று சொல்லிக்கொண்டே இருந்தார். தெருவில் சிலர் அந்த நாட்களில் கட்டு மாற்றப் போகவில்லை. அவள் யார் வாசலிலும் வந்து நிற்கவும் இல்லை. என்னவோ, யாரோ நம்மை மறந்துவிட்ட மாதிரி இருந்தது.

நான் பிரஷர் பார்க்கப் போயிருந்த அன்றுதான் அந்த ஆபீசிலிருந்து போன் வந்தது. பெரிய டாக்டரம்மா அறையில் பேசிவிட்டு ஹாலுக்கு வந்தார். சிஸ்டர் என் கையில் பட்டையைச் சுற்றிக் காற்றடித்துக்கொண்டிருந்தாள்.

"நீ இருக்கே. எங்கயும் போகலை" என்றார் டாக்டரம்மா. "வராதவங்களைத் தேடிப் போற வழக்கத்தை விடவே கூடாதுன்னு சொல்லியிருக்காங்க. ஆனா உள்ள போய், தனியாக் கூப்பிட்டு, அவங்ககிட்ட மட்டும் சொல்லணும். இங்கயும் திரை ஆகாது, கதவு போடணும். அப்புறம் அந்தப் பெஞ்சி. அப்புறம், தம்பி மெதுவாப் பேசணுமாம்." கடைசியில் சொன்னது சின்ன டாக்டருக்கு.

சிஸ்டர் பெஞ்சியில் என் பக்கத்தில் பொத்தென்று உட்கார்ந்தாள். அத்தனை வருஷத்தில் நோயாளி உட்காரும் இடத்தில் அவள் உட்கார்ந்து நான் பார்த்ததில்லை. பட்டை என் கையில் இறுகியபடியே நின்றது. அழுதாள். அழுகையும் அதே தொண்டைதான். தையல் கடையிலிருந்து ஓடி வந்துவிட்டார்கள். சின்ன டாக்டர்தான் என் கையை விடுவித்தார். எனக்கு வலி தெரியவில்லை. நெஞ்சில் இருந்த பாறை இறங்கியிருந்தது, கையை யார் பார்த்தார்கள்?

அன்று சாயங்காலமே அவள் டீச்சர் வீட்டுக்குப் போனாள். என்னையும் துணைக்கு இழுத்தாள். வாசலில் நிற்காமல், செருப்பைக் கழற்றிவிட்டு, உள்ளே போனாள். நான் மாமியாரைப் பேச்சில் பிடித்துக்கொண்டு முன்னறையிலேயே உட்கார்ந்துவிட்டேன். பின்னறையில் அவர்கள் இருவரும் என்ன பேசினார்களோ, ஒன்றும் கேட்கவில்லை. அவள் மெதுவாகப் பேசியிருக்கிறாள். திரும்பி வரும்போது, "தொண்டை வலிக்குது பாட்டி" என்றாள்.

"கத்தாமலேயா வலிக்குது?"

"கத்தாததாலதான் வலிக்குது."

"டீச்சர் என்ன சொன்னா?"

"சொல்லமாட்டேன்" என்றாள் கடுகு. அவள் வாயிலிருந்து அந்தச் சொல்லை நான் அன்றுதான் கேட்டேன். எனக்குக் கொஞ்சம் ஏமாற்றம்தான், மறைப்பானேன்?

தச்சர் வந்து இரண்டு அறைக்கும் கனமான கதவு போட்டார். இப்போது சிஸ்டர் உள்ளே யாரையாவது திட்டினால் ஹாலில் சத்தம் மட்டும் வரும், விஷயம் வராது. எதற்காகத் திட்டு வாங்குகிறார்கள் என்று தெரியாமல் ஸ்டேஷனரிக் கடை அத்தை தவித்துப்போகிறாள்.

போன வாரம் நான் உட்கார்ந்திருந்தபோது டீச்சர் வந்தாள். வயிறு நன்றாகத் தெரிந்தது. மாமியார் கையைப் பிடித்துக் கூட்டிவந்தாள். கதவு சாத்திக்கொண்டது. உள்ளே குரல் ஏறியது, இறங்கியது, மறுபடி ஏறியது. வழக்கமான ஏற்றம்தான். மாமியாரும் நானும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம்.

கொஞ்ச நேரம் கழித்து டீச்சர் வெளியே வந்தாள். உள்ளங்கையில் இரும்புச்சத்து மாத்திரைப் பட்டை. கதவுக்குள் தலையை மறுபடி நீட்டி, "அப்ப அடுத்த வாரம் என்னிக்கு சிஸ்டர் வரணும்?" என்று கேட்டாள்.